சம்பந்தம் பேசப் போன கேள்வித்தாள்

என் வேலையை என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் இப்படித்தான் விளக்குவார்: "ஒரு கேள்வியக் கேப்பா. அவுக பதில் சொன்னதும், நான் என்ன கேட்டேன்னு நெனச்சீகன்னு திரும்பவும் கேப்பா. இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாக." அவர் விருதுநகரில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் பார்க்கிறவர். தராசில் வைக்க முடியாத எதையும் வேலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் அவர் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. சென்னையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் வீடு வீடாகப் போய் வருமானம் எவ்வளவு, அரசாங்க உதவி என்னென்ன வருகிறது என்று கணக்கெடுக்கும். அதற்கு முன்னால் நான் சில வீடுகளுக்குப் போய் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்து, ஜனங்களுக்கு விளங்காததைத் திருத்திக் கொடுக்க வேண்டும். பதில் என்னவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, கேள்வி விளங்கியதா என்பதுதான் என் பாடு.

அப்படி ஒரு கேள்வியைச் சோதிக்கப் போய், சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டேன்.

வருமானம் என்ற சொல்லைக் கேட்டதும் நல்ல மனிதர்கள்கூட வேறு ஆளாகிவிடுவார்கள். இதை நான் வெளியில் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் கடைவீதியில், வாசலில் லாரி நின்று மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போதே "யாவாரம் எப்படி?" என்று கேளுங்கள், "டல்லுதான்" என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வியாபாரம் டல்தான். அந்த டல்லிலேயே வீட்டுக்கு மாடியும் எடுத்துவிட்டோம். அதனால் குறைத்துச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கேள்வி எழுதுகிறவர்கள் மேல்தான் வரும்.

அந்த முறை சென்னையிலிருந்து வந்த கேள்வி இது: "கடந்த முப்பது நாட்களில் தங்கள் குடும்ப உறுப்பினர்கள் அனைவரும் பெற்ற மொத்த வருமானம் எவ்வளவு?" மாதச் சம்பளம் வாங்குகிற யாரோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதியது என்று படித்தவுடனே தெரிந்தது. பட்டாசு ஊர்களில் பணம் மாதக் கணக்கில் வராது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும், சனிக்கிழமைச் சம்பளம் கனமாக இருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆபீஸை அடைத்துவிடுவார்கள். இங்கே பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. முதல் முறை நான் "ஆபீஸ் வேலை" என்று எழுதி அனுப்பியதைப் பார்த்துவிட்டு, ஒரு தெருவில் இருந்த அத்தனை பேரையும் சென்னையில் குமாஸ்தாக்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். என் மேலதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கருத்தை வரவேற்கிறோம் மேடம்" என்றார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விஸ்வநத்தத்தில் அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா பட்டாசு ஆபீஸில் சரவெடி பின்னுகிறவர். பின்னுகிற அளவுக்குத்தான் கூலி. அப்பா குடோனில் லோடு ஏற்றுகிறவர். ஒரே மகள் பி.காம் முடித்துவிட்டுச் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் போடுகிற வேலை பார்த்தாள். நான் தலையில் முக்காடும் தோளில் பையுமாக வாசலில் நின்று, ஆய்வுக்காக வந்திருக்கிறேன், வீட்டு வருமானம் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்ல முகம் மலர்ந்தது.

"ஆய்வா? சரி சரி, உள்ள வாங்கக்கா. இங்கன ஃபேனுக்கு நேரா உக்காருங்க" என்றவர், வீட்டுக்காரரைப் பார்த்து, "போயி கலர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் கிடைக்கும். மனசு இருந்தால் காபி கிடைக்கும். கடைக்கு ஆள் அனுப்பிக் குளிர்ந்த கலர் பாட்டில் வாங்கி வந்து மூடியை உடைத்துக் கொடுக்கிறார்கள் என்றால், அது சம்பந்தி வீட்டாருக்குச் செய்கிற மரியாதை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நல்ல வெயில், வாங்கிக் குடித்துவிட்டேன். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மிக்சர்த் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். ஏதாவது விசேஷத்துக்குக் கிளம்புகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"போன முப்பது நாள்ல வீட்டுல எல்லாருக்கும் சேத்து எம்புட்டு வருமானம் வந்துச்சு?" என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மா ஒரு தொகை சொன்னார். என் பேனா நின்றது. லோடு ஏற்றுகிற ஒருவருக்கு அவ்வளவு வர வேண்டும் என்றால் லாரியும் அவருடையதாக இருக்க வேண்டும்.

"அரசாங்கத்துல இருந்து ஏதும் உதவி வருதா?"

"எங்களுக்கெதுக்குக்கா அதெல்லாம். அது இல்லாதபட்டவுகளுக்கு."

"ரேஷன் அரிசி வாங்குறதில்லையா?"

"வாங்குவோம். கோழிக்குப் போடுறது."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்படிப் பக்கமிருந்து ரேஷன் அரிசி வேகிற வாசனை வந்தது. அந்த வாசனையைத் தெரியாதவர்கள் யாரும் எங்கள் மாவட்டத்தில் இல்லை. மாதா மாதம் பெண்களுக்கு வருகிற ஆயிரம் ரூபாயைக் கேட்டேன். "வருதோ என்னமோ, யாரு போயிப் பாத்தா" என்றார். மகள் சம்பளத்தைக் கேட்டேன்.

"அதுல நாங்க கையே வைக்கிறதில்லக்கா. அவ பேர்ல பேங்குலயே கெடக்கு."

சுவரோரம் நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்மா, நான் கேட்காமலே, "ரொம்ப நல்ல குடும்பம்க்கா. பிள்ள தங்கம்" என்றார். எங்கள் கேள்வித்தாளில் தங்கத்துக்கு இடம் இல்லை என்பதால் அதை எழுதவில்லை.

கடைசியாக என் தொழில் கேள்வியைக் கேட்டேன். "வருமானம் பத்திக் கேட்டேன்ல, அப்ப நான் எதுக்காகக் கேக்குறேன்னு ஒங்களுக்குத் தோணுச்சு?"

"அது கூடவா தெரியாம இருப்போம்" என்று அவர் பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கேள்வியின் நோக்கம் முழுமையாக விளங்குகிறது என்று எழுதிக்கொண்டேன். தொகை கூடுதல் என்று தெரிந்தாலும், பெருமைக்குச் சொல்கிறார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சென்னையில் அதைப் படித்துவிட்டு, வருமானத்தைக் குறைத்துச் சொல்லாத முதல் குடும்பம் என்று கொண்டாடினார்கள்.

தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் அடைத்துக் கிடந்தபோது, கொஞ்சம் திருத்திய கேள்வியோடு மறுபடி அதே வீட்டுக்குப் போனேன். இந்த முறை கலர் இல்லை. தண்ணீர்கூட இல்லை. அந்த அம்மா வாசல்படியில் நின்றுகொண்டு, "அக்கா, உண்மையச் சொல்லுங்க. நீங்க சாத்தூர்ல இருந்து வந்தவுகதான?" என்றார்.

"இல்ல, விருதுநகர்."

"அப்ப மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"எந்த மாப்பிள்ளைக்கு?"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒரு சம்பந்தம் கூடிவருகிறது என்றால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து முதலில் யாராவது வந்து சத்தமில்லாமல் விசாரித்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். விசாரிக்க வந்தேன் என்று சொல்ல மாட்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்பார்கள், சேலைச் சீட்டுக்கு ஆள் சேர்க்கிறேன் என்பார்கள். பேச்சோடு பேச்சாக எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், கடன் உண்டா, குணம் எப்படி என்று தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். பெண் வீட்டாருக்கும் இது தெரியும். தெரியாதது மாதிரி பதில் சொல்வார்கள். சாத்தூரில் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம் பொருந்தி, யாராவது விசாரிக்க வருவார்கள் என்று அந்த வீட்டில் காத்திருந்த வாரத்தில்தான் நான் பையும் பேனாவுமாகப் போய் நின்றிருக்கிறேன்.

"என்னையப் பாத்தா மாப்பிள்ளை வீட்டு ஆளு மாதிரியா இருக்கு?" என்று என் முக்காட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"அதனாலதான்க்கா நம்புனேன். பாய் வீட்டு அம்மாவ அனுப்புனா நமக்குச் சந்தேகமே வராதுன்னு கெட்டிக்காரத்தனமா அனுப்பியிருக்காகன்னு நெனச்சோம்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நான் அடுத்த தெருக்களிலும் கேட்டுக்கொண்டு போனதில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கணக்கெடுக்கிறார்களாம், வருமானம் கூடச் சொன்ன வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமாம், ஒரு ஆபீசரம்மா நேரில் வந்து சோதிப்பாராம். இதைக் கேட்டு இந்த அம்மா பயந்துபோய் இருந்த நேரத்தில், உயரமாக, கண்ணாடி போட்டு, கைப்பை மாட்டிய ஒரு பெண்மணி வந்து, "இந்த வீட்ல எத்தன பேரு வேலைக்குப் போறீக?" என்று கேட்டிருக்கிறார். அவர் மாப்பிள்ளையின் அத்தை.

அந்த அத்தைக்கு இவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "ஆபீசருக்குக் கலர் வாங்கிக் குடுத்தா வசதியான வீடுன்னு எழுதிருவாகள்ல" என்று என்னிடமே கேட்டார். வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, ஆபீஸ் அடைத்துக் கிடக்கிறது, மழைக்கு வீடு ஒழுகுகிறது, மகள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, அவள் இல்லாவிட்டால் பட்டினிதான் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளில் தரகர் வந்து, மாப்பிள்ளையின் அத்தை நேரில் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மாப்பிள்ளை சிவகாசியில் இன்னொரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். ஜாதகம் தரகர் கொண்டுவந்ததுதான் என்றாலும், இரண்டு பேரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்று பழகிய முகங்கள்.

"எனக்கு அவரப் பிடிச்சிருக்குக்கா. இப்ப ஸ்டாப்புல பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுறாக" என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதத்தில் என் சிரிப்பு போய்விட்டது. பாவமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். "நான் மொதல்ல சொன்னத நீங்க எழுதி வச்சிருக்கீகல்ல. அதக் கொண்டுபோயி சாத்தூர்ல காட்டுங்க."

"அத யாருக்கும் காட்டக் கூடாது. ரகசியம்."

"எங்க வீட்டுக் கணக்கு எங்களுக்கே ரகசியமா?"

"அதோட, அது பொய்யில்ல?"

"அது பொய்தான்" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா அவுககிட்டச் சொன்னதும் பொய்தானக்கா. அதுக்கு இது சரியாப் போயிருமில்ல."

இதுவரை என்னிடம் ஒரு பொய், சாத்தூரில் ஒரு பொய், உண்மை யாரிடமும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. கேள்வித்தாளைப் பைக்குள் திணித்துவிட்டு, "சென்னைக்காரன் கேட்டது கெடக்கட்டும். நான் கேக்குறேன், சொல்லுங்க. சீசன்ல வாரம் எப்படி வரும்? அடைச்சுட்டா எத வச்சுச் சமாளிக்கிறீக?" என்று கேட்டேன். முப்பது நாளும் இல்லை, குடும்ப உறுப்பினரும் இல்லை. அவர் கடகடவென்று சொல்லிவிட்டார். சீசனில் கை நிறைய வரும். ஆயிரம் ரூபாய் கேஸுக்குப் போகும். ரேஷன் அரிசியைத்தான் சாப்பிடுகிறார்கள், கோழியே கிடையாது. ஆபீஸ் அடைத்த மாதங்களில் என்ன என்று கேட்டதற்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மகள் பக்கம் திரும்பாமல், "இவ சம்பளந்தான்" என்றார்.

மறுநாள் நானும் அவரும் சாத்தூருக்குப் பஸ் ஏறினோம். இது என் வேலையில் சேராது என்று எனக்குத் தெரியும். கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். பெண்களுக்கு டிக்கெட் கிடையாத பஸ். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது அரசாங்க உதவிதான? அன்னைக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"இது பஸ்ஸுதானக்கா" என்றார்.

மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. வளர்த்தது அத்தைதான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். கதவைத் திறந்து, என் தோளில் தொங்கிய பையைப் பார்த்ததுமே, "கணக்கெடுக்கவா? எங்க வீட்ல வருமானமே கெடையாதும்மா" என்றார். பின்னால் நின்றவரைப் பார்த்த பிறகுதான் பேச்சு நின்றது.

"மதினி, அன்னைக்கு ஒங்கள ஆபீசரம்மான்னு நெனச்சுட்டேன்" என்று பெண்ணின் அம்மா ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்த இடத்தில் அத்தை என் முக்காட்டைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நீங்க இல்லாதபட்டவுகன்னு நாங்க வேண்டாங்கல மதினி. நாங்க மட்டும் என்ன வச்சு வாழ்றோம். மக சம்பளத்துலதான் அடுப்பெரியுதுன்னு சொன்னீகளே, அதத்தான் என்னால தாங்க முடியல. அவள நாங்க கூட்டியாந்துட்டா ஒங்க அடுப்பு என்னாகும்? அந்தப் பாவம் நமக்கெதுக்குன்னுதான் விட்டுட்டேன். மத்ததெல்லாம் கெடக்கட்டும், அது ஒண்ணு நெசமா பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். எனக்கு அது தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். ஆளுக்கொரு கணக்குச் சொல்லிப் பழகியவர்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அது நெசந்தான் மதினி" என்றார் அவர். "ஆபீஸ் அடைச்சுட்டா அவ சம்பளந்தான்." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. கேள்வி கேட்பதே பிழைப்பாகக் கொண்டவள் நான், இப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அத்தை எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டில் காராச்சேவும் மூன்று டம்ளரில் காபியும் கொண்டுவந்து வைத்தார். "அவ வேலைய விட வேண்டாம். சம்பளம் இப்பப் போற மாதிரியே ஒங்க வீட்டுக்குப் போகட்டும். எம் மருமகன் சம்பாத்தியம் எங்களுக்குப் போதும். ஆனா வெளிய தெரிய வேண்டாம். மக கையில வாங்கித் தின்னுறாகன்னு ஒங்களப் பேசுவாக, மருமகள அடக்கி வைக்கத் தெரியலைன்னு என்னையப் பேசுவாக." அவர் மருமகன் என்றது அண்ணன் மகனைத்தான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். பெண் வீட்டைப் பற்றி விசாரித்துச் சொன்னது இந்த அம்மாதான் என்று அத்தை என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் என் வேலை விளங்கியது.

நான் சென்னைக்காரர்களை விடவில்லை. முப்பது நாள் கேள்வியை எடுத்துவிட்டு, சீசனில் தனியாக, ஆபீஸ் அடைத்த பிறகு தனியாகக் கேட்கச் சொன்னேன். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு கேள்வியும் சேர்க்க வேண்டும் என்றேன்: "இந்த வீட்டில் இப்போது இல்லாத மகளோ மகனோ, வேறு யாருமோ, இந்த வீட்டுச் செலவுக்குப் பணம் தருகிறார்களா?" தேவையில்லை என்றார்கள். மூன்று மாதம் போனில் சண்டை போட்டு அதைச் சேர்க்க வைத்தேன்.

அடுத்த தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் அடைத்த பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கேள்வியைச் சோதிக்க அதே வீட்டுக்குப் போனேன். சம்பள நாள் என்பதால் மகளும் பிரஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தாள். சாத்தூர் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வயிறு கொஞ்சம் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கேள்வித்தாளை எடுத்து, நான் சண்டை போட்டு வாங்கிய கேள்வியை வரி மாறாமல் வாசித்தேன்.

"அப்படி யாரும் தரலக்கா" என்றார் அம்மா.

மகள் அப்போது கைப்பையிலிருந்து சம்பளக் கவரை எடுத்து, அதை அப்படியே சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தார்.

"கேள்வி சரியா விளங்கலையோ?" என்று கேட்டேன்.

"நல்லா விளங்குதுக்கா. இதுக்கு மேல தெளிவா எப்படிக் கேக்க முடியும்? அதான் இல்லைங்குறேன்."

மகள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். "இல்லைன்னே எழுதிக்கிடுங்கக்கா" என்றாள்.

இல்லை என்றே எழுதிக்கொண்டேன்.